வரிசை எண் பதினேழு: இரும்புக் குழாய்

ராகவேந்திரனுக்கு ஸ்பேனர்களைப் பற்றித் தெரியாதது கிடையாது. ஓப்பன் எண்ட், ரிங், பாக்ஸ் என்று வகை பிரித்துச் சொல்வார். எது அங்குலக் கணக்கு, எது மில்லிமீட்டர் கணக்கு என்று பத்தடி தூரத்திலிருந்து சொல்வார். கல்கத்தாவின் ஈரக் காற்றில் எந்த உருக்கு எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கும் என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. முப்பத்தோரு வருஷம் கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஸ்டோர்ஸ் வேலை பார்த்து, சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான ஸ்பேனர்களை வாங்கி, எண் போட்டு, அடுக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்து, மறுபடி கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவர். அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரே ஒரு ஸ்பேனரைக்கூட ஒரு நட்டின்மேல் வைத்து அவர் திருப்பியதில்லை. அது வேறு டிபார்ட்மெண்ட்.

கிடங்கில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பொருள் எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை, பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு தடவை கிரேன் ஒன்று நடுவானில் நின்றுபோனது, அதற்கு வேண்டிய கொக்கி அவர் மேஜைக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டு வந்த சீட்டில் எழுதியிருந்த பெயரும் பதிவேட்டில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை என்பதால் மூன்று நாள் அவர் அதைக் கொடுக்கவில்லை. மேலதிகாரிகள் வந்து கெஞ்சினார்கள். கப்பல்காரன் வந்து கத்தினான். ராகவேந்திரன் அசைந்து கொடுக்கவில்லை. இந்தக் கதையை அவரே ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வார், தன் பெருமையாக.

இன்னொரு கதையும் சொல்வார். தொண்ணூற்றெட்டில் தமிழரசன் என்று தூத்துக்குடிப் பையன் ஒருவன் புது கிளார்க்காக வந்து சேர்ந்தான். வந்த வருஷமே, சங்கிலி மாட்டும் ஷேக்கிள் ஒன்றை 'யு வடிவ இரும்பு, ஒன்று' என்று பதிவேட்டில் எழுதிவிட்டான். வருஷக் கடைசிச் சரிபார்ப்பில் ஒரு ஷேக்கிள் குறைந்தது, எங்குமில்லாத ஒரு யு வடிவ இரும்பு கூடியது. ராகவேந்திரன் மெமோ கொடுத்தார். "பெயர் தெரியாததால் அவ்வாறு எழுதிவிட்டேன்" என்று பையன் பதில் எழுதினான். அதன் கீழே ராகவேந்திரன் சிவப்பு மையில், "காரணம் ஏற்கத்தக்கதல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தமிழரசனின் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. "அதுக்கப்புறம் ஒரு தப்பு பண்ணலையே அவன்" என்று சொல்லிக் கதையை முடிப்பார்.

இந்தத் தமிழரசன்தான் இன்று சால்ட் லேக்கில் அவர்கள் குடியிருக்கும் கூட்டுறவு அடுக்ககத்தின் செயலாளர். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடியில் இருக்கிறார். ராகவேந்திரனைப் படியில் கண்டால் இன்றும் ஒதுங்கி நின்று, "வணக்கம் சார்" என்பார். அந்த மெமோவைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ராகவேந்திரன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

கார் விஷயத்துக்கு வருவோம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஆஸ்திரேலியாவில் மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று கிளம்பிய ஒரு சக அதிகாரியிடமிருந்து ராகவேந்திரன் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை வாங்கினார். அறுபத்து நான்காம் வருஷத்து வண்டி, வெளிர் நீலம். அது சென்னைப் பக்கம் செய்த வண்டி என்பதே அவர் மனதைக் கவிழ்த்துவிட்டது. "நம்ம ஊர்ல பொறந்து என்னை மாதிரியே கல்கத்தாவுக்கு மாத்தலாகி வந்திருக்கு" என்று மனைவி சுந்தரவல்லியிடம் சொன்னார். சுந்தரவல்லி அந்த ஒற்றுமையை அப்போது ரசித்தாள். வாங்கிய புதிதில் நாலைந்து தடவை அவர் மட்டும் அதில் தெருவைச் சுற்றி வந்தார். "சீட்டைச் சரி பண்ணினப்புறம் உன்னைத் தக்ஷிணேஷ்வர் கூட்டிண்டு போறேன்" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். சீட்டு சரியானபோது பிரேக் கெட்டது. பிரேக் சரியானபோது அவர் காரின் கையேட்டுக்குப் பிரதி தேடிக்கொண்டிருந்தார். இப்படியே பத்தொன்பது வருஷம் போயிற்று. சுந்தரவல்லி அந்த வண்டியில் இதுவரை ஏறியதில்லை. கடைசி நான்கு வருஷமாக அது கராஜில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

கார் ஓடாவிட்டால் என்ன, அதன் சாமான்களுக்குப் பதிவேடு உண்டு. வாங்கிய அன்றே வண்டியோடு வந்த கித்தான் பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் துடைத்து, நீளம் அளந்து, அட்டை போட்ட நோட்டில் வரிசை எண் போட்டு எழுதினார். ஆபீஸில் காலமெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய பாவத்துக்குப் பரிகாரமாக இதைத் தமிழில் எழுதினார். 'வரிசை எண் மூன்று: திருப்புளி, நடுத்தரம், ஒன்று.' 'வரிசை எண் ஒன்பது: ஜாக், ஒன்று, பழுது.' அதில்தான் இதுவும் இருக்கிறது: 'வரிசை எண் பதினேழு: குழாய், இரும்பு, ஆறு அங்குலம், ஒன்று. பயன் தெரியவில்லை.' அடுத்த வரி: 'வரிசை எண் பதினெட்டு: கம்பி, இரும்பு, ஒன்று. பயன் தெரியவில்லை.'

குழாயின் இரண்டு முனையும் உள்ளே ஆறு பட்டையாக இருந்தது. பக்கத்தில் ஒரு துளை இருந்தது. கம்பி அந்தத் துளைக்குள் சரியாகப் போகும். வேறு எவனாவது இதைப் பார்த்திருந்தால் ஸ்பார்க் பிளக் கழற்றும் ஸ்பேனர் என்று சொல்லியிருப்பான். ராகவேந்திரன் கிடங்கில் இருந்ததெல்லாம் டீசல் எஞ்சின் சாமான். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால் பிளக் ஸ்பேனர் என்ற பொருள் அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை. மேலும் குழாய்மேல் எண் எதுவும் பொறிக்கவில்லை. எண் இல்லாத பொருளுக்குப் பெயர் கொடுப்பது அவர் வழக்கமும் இல்லை.

பயன் தெரியாத பொருளை வீட்டில் என்ன செய்வார்கள்? சுந்தரவல்லி எடுத்துக்கொண்டாள். கம்பி சமையலறைத் தொட்டியில் அடைப்பு எடுக்கப் போயிற்று. குழாய் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் அரிசிக்கு நடுவே நட்டமாக நின்று, சுவாமி அலமாரியில் ஊதுவத்தி ஸ்டாண்ட் ஆயிற்று. பத்தொன்பது வருஷமாகக் காலையும் மாலையும் அதில் ஊதுவத்தி புகைகிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்குச் சந்தனமும் குங்குமமும்கூட உண்டு.

இனி நடந்ததைச் சொல்லலாம். ஆகஸ்டு மாதம் அடுக்ககத்தின் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டது. கராஜில் இடம் போதவில்லை, தானாக ஓடாத வண்டிகளைச் செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிவிடுவது. அடுக்ககத்தில் ஓடாத வண்டி ஒன்றுதான் இருந்தது. தமிழரசன் நோட்டீஸைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், எல்லாரும் சேர்ந்து போட்ட தீர்மானம். அன்னிக்கு எஞ்சின் ஓடுச்சுன்னா போதும், ஓடுதுன்னு எழுதிட்டுப் போயிருவேன்" என்றார். ராகவேந்திரன் நோட்டீஸில் தேதி, எண், கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தார். மூன்றும் இருந்தன. அவரிடம் வேலை கற்றவர் எழுதிய நோட்டீஸ். வண்டியை அவர் உண்மையிலேயே நேசித்தார். தன்னைப் போலவே ஊரைவிட்டு வந்து, தன்னைப் போலவே வேலை முடிந்து நிற்கும் ஒன்றைக் காயலாங்கடை லாரியில் பார்க்க அவரால் முடியாது.

மறுநாளே நிமாய் தாஸைக் கூப்பிட்டார். பக்கத்து பிளாக்கில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் நிமாய், பழைய அம்பாஸடர்களை உயிரோடு வைத்திருப்பதில் கெட்டிக்காரன். பெட்ரோல் டாங்கைக் கழுவினான், கார்புரேட்டரைத் துடைத்தான், புது பாட்டரி போட்டான். கடைசியில் பிளக்குகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். நாலும் போயிற்று, புதுசு நாலு வாங்குங்கள், என் இருபத்தோராம் நம்பர் பாக்ஸால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுகிறேன் என்றான்.

இருபத்தொன்று என்ற எண் காதில் விழுந்ததும் ராகவேந்திரன் உள்ளே போய் ஹெரால்டின் கையேட்டை எடுத்துவந்தார். அது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். படங்களெல்லாம் கறுப்புச் சதுரமாகிவிட்டன, எழுத்து மட்டும் மிச்சம். பிளக் ஸ்பேனர் பதின்மூன்றின் கீழ் பதினாறு அங்குலம் என்று அதில் போட்டிருந்தது. அதாவது இருபது புள்ளி ஆறு நான்கு மில்லிமீட்டர். நிமாயின் பாக்ஸ் இருபத்தொன்று. இடைவெளி, புள்ளி மூன்று ஆறு. அத்தனை இடைவெளியில் பிளக்கின் பட்டை தேய்ந்துவிடும், பீங்கான் விரிசல் விடும், தன் வண்டியில் அது நடக்காது என்றார். கல்கத்தாவில் எல்லா வண்டிக்கும் இதுதான் போடுகிறோம் தாதா என்றான் நிமாய். கல்கத்தாவில் எல்லாரும் செய்வதெல்லாம் சரியாகிவிடாது என்று ராகவேந்திரன் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று தொடங்கிய தேடல் மூன்று வாரம் நடந்தது. மல்லிக் பஜாரில் பழைய வண்டிச் சாமான் கடைகள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினார். சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர். கடைக்காரர் எடுத்துப்போடும் ஒவ்வொரு பாக்ஸின் வாயிலும் அதை நுழைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இருபத்தொண்ணு, பூஜ்யம் நாலு" என்று உதட்டுக்குள் சொல்லி, மறுபடி மேஜையில் வைத்துவிடுவார். மூன்றாம் நாளிலிருந்து கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் டீக்குப் போனார்கள். செக்டர் ஃபைவில் வேலை பார்க்கும் மகள் ஸ்னேகா ஆன்லைனில் ஒன்று வரவழைத்துக் கொடுத்தாள். அதையும் அளந்து, குறையைக் குறிப்பெழுதிப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பி அனுப்பினார். ஹவுராவில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு கிழவர் புதிதாகவே கடைந்து தருகிறேன், ஒரு மாதிரி மட்டும் கொண்டு வாருங்கள் என்றார். மாதிரி கையில் இருந்தால் நான் எதற்கு ஆறு தாண்டி உங்களிடம் வருகிறேன் என்று ராகவேந்திரன் சண்டை போட்டுவிட்டு ஃபெரியில் திரும்பினார்.

வீட்டில் சுந்தரவல்லி அந்த ஸ்பேனர் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தினமும் கூடுதலாக ஒரு ஊதுவத்தி ஏற்றினாள். எதில் ஏற்றினாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் பதினேழாம் தேதி காலையில் ராகவேந்திரன் இறங்கி வந்தார். புள்ளி மூன்று ஆறு இடைவெளியைப் பொறுத்துக்கொள்வது என்று இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தார். அவரளவில் அது தோல்விதான். இருபத்தோராம் நம்பர் பாக்ஸுக்கு ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நிமாயின் ஒர்க் ஷாப்புக்கு நடந்தார். தெருமுனையிலேயே மைக் செட் அலறியது. வானம் முழுக்கக் காற்றாடி. மாடிக்கு மாடி பையன்கள் ஒருவன் நூலை ஒருவன் அறுத்து, "போ காட்டா" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அன்று விஸ்வகர்மா பூஜை, வங்காளத்தில் தொழில் சாமான்களுக்கு ஓய்வு கொடுத்துக் கும்பிடும் நாள்.

இது அவருக்குத் தெரியாத நாளில்லை. முப்பத்தோரு வருஷம் இந்த நாளில் கிடங்கைப் பூட்டி, பூஜைப் பந்தலில் கிச்சடி சாப்பிட்டவர்தான். ஆனால் அவர் மனதில் ஆயுதத்துக்கு ஓய்வு என்பது நவராத்திரியில் வருவது, சரஸ்வதி பூஜையோடு ஒட்டி வருவது. மற்றது ஆபீஸ் விடுமுறை. வீட்டு வேலைக்கு அது பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒர்க் ஷாப்பில் யானைமேல் உட்கார்ந்த விஸ்வகர்மாவின் காலடியில் நிமாயின் சாமான்கள் மொத்தமும் இருந்தன. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சிந்தூரம் வைத்து, பூப்போட்டு வரிசையாக அடுக்கியிருந்தான். நடுவில் இருபத்தோராம் நம்பர் பாக்ஸ். நிமாய் புதுச் சட்டையில் இருந்தான். இன்று எந்தச் சாமானையும் தொடமாட்டேன், நாளைக் காலை பதினோரு மணிக்குச் சாமி சிலையைப் படகில் ஏற்றிக் கரைத்த பிறகுதான் கை வைப்பேன் என்றான். பத்து மணிக்கு லாரி வருகிறது என்றார் ராகவேந்திரன். நிமாய்க்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றான்.

ராகவேந்திரன் விடவில்லை. நியதிகளை நியதிகளாலேயே வெல்வதில் அவர் பழக்கப்பட்டவர். விஸ்வகர்மா பூஜை வங்காளிகளுக்கு, எங்களுக்கு ஆயுத பூஜை இன்னும் வரவில்லை, வண்டி எங்களுடையது, ஆகவே இன்று என் வண்டியில் வேலை செய்வது தோஷமாகாது என்று வாதாடினார். வண்டி உங்களுடையதாக இருக்கலாம், கை என்னுடையது என்றான் நிமாய். இருந்தாலும் கிழவர் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. கையால் தொடமாட்டேன், வந்து பார்த்து வேறு வழி ஏதாவது இருந்தால் சொல்கிறேன் என்று கூடக் கிளம்பினான்.

வீட்டில் சுந்தரவல்லி அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். பண்டிகை நாளில் வந்திருக்கிறான் என்று தட்டில் பழமும் வைத்தாள். குடித்துவிட்டு எழுந்த நிமாய், கூடத்து மூலையில் சுவாமி அலமாரியைப் பார்த்து, செருப்பில்லாத காலை ஒன்று சேர்த்துக் கைகூப்பினான். கூப்பிய கை அப்படியே நின்றது. அலமாரிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். பிறகு ராகவேந்திரனைத் திரும்பிப் பார்த்தான். "பௌதி" என்று சுந்தரவல்லியை அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல், நீங்களும் எங்களை மாதிரிதான் சாமானை வைத்துக் கும்பிடுகிறீர்களா, எத்தனை நாளாக என்று கேட்டான்.

எந்தச் சாமான் என்று ராகவேந்திரன் கேட்டார். நிமாய் விரலால் தொடாமல் காட்டினான். பிளக் ஸ்பேனர், ஒரிஜினல், வண்டியோடு வந்தது, மல்லிக் பஜாரில் தேடினாலும் கிடைக்காது என்றான்.

அரிசிக் கிண்ணத்தின் நடுவே, பாதி எரிந்த ஊதுவத்தியோடு, நெற்றியில் குங்குமத்தோடு நின்றது வரிசை எண் பதினேழு. சுந்தரவல்லி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ராகவேந்திரனுக்குத் தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏன்னா, அப்போ அந்தக் கம்பி?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய், தொட்டிக்கடியிலிருந்து வரிசை எண் பதினெட்டை எடுத்துவந்து, புளி போட்டுத் தேய்த்து, அவர் கையில் கொடுத்தாள்.

ராகவேந்திரனுக்கு அந்த நிலையிலும் பழக்கம் விடவில்லை. வெர்னியரை எடுத்து ஊதுவத்திச் சாம்பலைத் தட்டிவிட்டுக் குழாயின் வாயை அளந்தார். இருபத்தொன்று புள்ளி ஒன்று. அறுபது வருஷத் தேய்மானம். மூன்று வாரமாக அவர் வேண்டாம் என்று தள்ளிய அத்தனை ஸ்பேனரையும்விட இது லூஸ். அதை நிமாயிடம் அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று வாரமாக வாங்கி வைத்திருந்த புது பிளக் நாலையும் எடுத்துக்கொண்டு மூவரும் கராஜுக்கு இறங்கினார்கள். நிமாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றான். ஸ்பேனரை ராகவேந்திரன் அவனிடம் நீட்டினார். நிமாய் தலையாட்டினான்.

"உங்க சாமிக்கு இன்னிக்குப் பண்டிகை இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க, தாதா" என்றான் தன் இந்தியில். "அப்போ நீங்களே திருப்புங்க."

வாதத்தில் ஓட்டையே இல்லை. தான் கட்டிய வாதம் என்பதால் அது ராகவேந்திரனுக்கு நன்றாகத் தெரிந்தது. அறுபத்தொன்பது வயதில், முதல் முறையாக, ஒரு ஸ்பேனரை எடுத்து எஞ்சினுக்குள் விட்டார். துளையில் கம்பியைச் செருகி, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்துத் திருப்பினார். பிளக் அசையவில்லை. நிமாய் மெதுவாக, இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள், மறுபக்கம் திருப்புங்கள் என்றான். மறுபக்கம் திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்து முதல் பிளக் வழிக்கு வந்தது. மூன்றாவதில் கை வழுக்கி, விரல் முட்டி இரும்பில் இடித்து ரத்தம் வந்தது. சுந்தரவல்லி பதறினாள். ராகவேந்திரன் அந்த ரத்தத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் பலருக்கும் இப்படி ரத்தம் வந்து, துணி கேட்டு அவர் ஜன்னலில் வந்து நின்றிருக்கிறார்கள். சீட்டு எழுதிக் கொண்டுவா என்று அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். அது இப்போது நினைவுக்கு வந்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாலு பிளக்கையும் மாற்றி முடிக்க, பத்து நிமிஷ வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாவியைத் திருப்பியபோது ஹெரால்ட் இரண்டு தடவை இருமியது, நீலப் புகை கக்கியது, மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. நிமாய் கோத்த கையை எடுத்து ஒரு முறை தட்டினான். கை தட்டக் கூடாது என்று விஸ்வகர்மா சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தமிழரசன் கையில் படிவத்தோடு கராஜுக்கு வந்தார். வெளியே கேட்டருகில் லாரி நின்றது. ராகவேந்திரன் சாவியைத் திருப்பினார். வண்டி ஓடியது. முன் சீட்டில் சுந்தரவல்லி காஞ்சிபுரம் பட்டில், தக்ஷிணேஷ்வருக்குத் தேங்காய் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். தமிழரசன் 'ஓடுகிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டார். அவர் முகத்தில் நிஜமாகவே நிம்மதி தெரிந்தது. அதோடு விஷயம் முடிந்திருக்கலாம். குழாயைப் பற்றி அடுக்ககத்தில் யாருக்கும் தெரியாது. நிமாய் சொல்லமாட்டான். சுந்தரவல்லி முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே ஊதுவத்தியை வாழைப்பழத்தில் குத்தி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ராகவேந்திரன் எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினார். பின் சீட்டிலிருந்து அட்டை போட்ட நோட்டை எடுத்தார். ராத்திரி முழுக்க அவர் அதைத் திறப்பதும் மூடுவதுமாகத்தான் இருந்தார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டால் போதும். ஆனால் தான் எழுதிய பதிவைத் தானே திருத்தக் கூடாது, வேறொருவர் கையால் திருத்திக் காரணம் எழுத வேண்டும் என்பது கிடங்கின் விதி. அந்த விதி தெரிந்த ஆள் இந்த அடுக்ககத்தில் இன்னும் ஒருவர்தான் இருந்தார்.

"தமிழரசன், ஒரு திருத்தம் இருக்கு" என்றார். "என் தப்பை நானே அடிக்கப்படாது. நீங்கதான் போடணும்."

தமிழரசன் நோட்டை வாங்கினார். பதினேழையும் பதினெட்டையும் படித்தார். ராகவேந்திரன் கையில் நீட்டிய ஸ்பேனரைப் பார்த்தார். அதன்மேல் மிச்சமிருந்த குங்குமத்தைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் ராகவேந்திரனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. பானெட்டின்மேல் நோட்டை வைத்து, பழைய பழக்கத்தில் ஸ்கேல் இல்லாமலே நேராகக் கோடு போட்டு இரண்டு வரியையும் அடித்தார். மேலே 'பிளக் ஸ்பேனர், கம்பியுடன், ஒன்று' என்று எழுதினார். பேனா நின்றது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே சார். என்ன எழுத?"

ராகவேந்திரன் எதையும் தயார் செய்துகொண்டு வரவில்லை. டீசல் எஞ்சின், ஜெராக்ஸ் கையேடு, எண் பொறிக்காதது என்று சொல்ல எத்தனையோ இருந்தன. அவற்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"பேர் தெரியலை, தமிழரசன்" என்றார். "தெரியாம எழுதிட்டேன்."

அதைத் தமிழரசன் ஒரு வார்த்தை மாற்றாமல் காரணக் கட்டத்தில் எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு யாரும் கேட்காமலே அதன் கீழே இன்னொரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நோட்டை மூடிக் கொடுத்தார். லாரிக்காரனைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தார்.

ராகவேந்திரன் நோட்டைத் திறந்து பார்த்தார். சிவப்பு மை இல்லை, சாதாரண நீல மைதான். 'காரணம் ஏற்கப்பட்டது' என்று எழுதியிருந்தது.

அவர் அதை மறுபடி மறுபடி படித்தார். தொண்ணூற்றெட்டில் இந்த ஒரு வரியை எழுதத் தனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளே சுந்தரவல்லி, "ஏன்னா, கிளம்பலாமா? பெட்ரோல் வீணாறது" என்றாள். அவர் காதில் விழவில்லை. கேட்டருகே லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்த தமிழரசனை, "தமிழரசன் சார்" என்று கூப்பிட்டார். அந்தப் பெயரோடு 'சார்' சேர்த்து அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை. அதனால் ராகவேந்திரன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்டை நோக்கி நடந்தார்.